ஆறாம் நம்பர் மருத மரம்

சோற்றுத் தட்டை மரத்தின் மேல் எறிந்து விளையாடியவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. தட்டில் ஒரு கை சோறு மிச்சம் வைத்ததற்கே முதுகில் வாங்கிய தலைமுறை நாம். நான் தட்டையே தூக்கி எறிந்திருக்கிறேன் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்தான். போன மாதம் என் மகளும் நம்பவில்லை.

அவள் இருப்பது மலையும் ஏரியும் சூழ்ந்த ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு ஆடுகிறாளாம். வீடியோ அனுப்பியிருந்தாள். ஏரிக்கரை ஓரமாக அடர்ந்த மரங்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே வீசுகிறார்கள். தட்டு மிதந்து போய் சங்கிலி தொங்கவிட்ட ஒரு கூடையில் விழுகிறது. பிறகு அடுத்த கூடைக்கு நடக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பலகை, அதில் ஒரு நம்பர், நம்பருக்குக் கீழே ஓர் அம்புக்குறி.

அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் போனைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"எப்படிம்மா இருக்கு எங்க விளையாட்டு?" என்று ராத்திரி போனில் கேட்டாள். "இதெல்லாம் நாங்க எப்பவோ ஆடியாச்சு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "அப்புறம் பேசறேம்மா" என்பாள். உங்களுக்கு முட்டிவலி, எங்கும் எழுந்து போக மாட்டீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஜனம் இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னாற்காடு முழுக்க மரங்களை வெட்டி ரோட்டில் போட்ட வருஷங்கள் அவை. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா கல்வராயன் மலையில், கரியாலூருக்கும் மேலே, மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு சின்ன அரசாங்கப் பள்ளியில் வாத்தியார். பள்ளிக்கு எதிரே ரோடு. ரோட்டைத் தாண்டினால் ஏரி. பெரிய ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். கரையைச் சுற்றி நடந்து வர ரேடியோவில் ஐந்தாறு பாட்டுப் பாடும் நேரம்கூட ஆகாது. ஆனால் காலையில் பனி இறங்கிவிட்டால் எதிர்க்கரை காணாமல் போய்விடும். அப்போது அது எவ்வளவு பெரியது என்று சொல்லவே முடியாது.

காலாண்டுப் பரீட்சை முடிந்து விடுதிப் பிள்ளைகள் எல்லாம் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது இரண்டு குடும்பம். வாத்தியார் குடியிருப்பில் நாங்கள், பின்னால் வாட்ச்மேன் குடும்பம். வாட்ச்மேன் மலைக்காரர். அவர் மகள்தான் என் சிநேகிதி. கீழே சாலையெல்லாம் அடைபட்டதால் பஸ் வரவில்லை. பேப்பர் வரவில்லை. கிருஷ்ணாயில் தீர்ந்துபோய் அம்மா விறகடுப்பில் புகைந்துகொண்டிருந்தாள். அப்பா ரேடியோவைக் காதில் ஒட்டவைத்தபடி திரிந்தார். எனக்கோ ஒரே குஷி. பஸ் இல்லையென்றால் லீவுக்கு என்னை யாரும் கீழே அனுப்ப முடியாதல்லவா.

அப்படி ஒரு சாயங்காலம் என் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. களமருதூர் பக்கம் சொந்த ஊரிலிருந்து எப்படியெப்படியோ சுற்றி, வடக்கனந்தல் பக்கமாக வந்து, அங்கிருந்து நடந்தே மலையேறியிருந்தார். சட்டையெல்லாம் பிசின். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து சிவந்து கிடந்தன.

"இன்னாடா இது கையி?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் வேல ஜாஸ்தி."

அம்மா அவரைத் திண்ணையில் உட்காரவைத்தாள். வெந்நீரில் கழுவி விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். அப்பா வாசலிலேயே நின்றார். மாமாவிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"யாராச்சும் கேட்டா நம்ப வூட்டுக்கு யாரும் வரல. புரியுதா?"

அப்பாவின் கணக்கில் மாமா உருப்படாதவர். மார்க் இருந்தும் காலேஜில் இடம் கிடைக்காமல் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்து, வம்பை விலைக்கு வாங்குகிறவன் என்பார். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மாமா கேட்ட ஒதுக்கீடு அப்பாவுக்கும் வேண்டித்தான் இருந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு அதை வாய்விட்டுச் சொல்லப் பயம். பயந்தவர்களுக்குப் பயப்படாதவர்கள் மேல் வரும் கோபம் இருக்கிறதே, அது பெரிய கோபம்.

மாமா இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் காலை நானும் சிநேகிதியும் ஏரியில் விடுதித் தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் அலுமினியத் தட்டு. விளிம்பில் ஆணியால் புள்ளி புள்ளியாக நம்பர் குத்தியிருக்கும். மாமா கரைமேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு தட்டை எடுத்து ஈரத்தை உதறினார். உதறிய வேகத்திலேயே மணிக்கட்டைச் சுண்டிவிட்டார்.

தட்டு பறந்தது. விழாமல் பறந்தது. பனிக்குள் ஒரு வெளிச்சமாகப் போய், அவசரமே இல்லாமல் இடப்பக்கம் வளைந்து, கண்ணுக்கு மறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்தபடி காத்திருந்தோம். அப்புறம் எங்கிருந்தோ 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு நாவல் மரத்தின் மேல் பட்டிருந்தது.

"இன்னா அப்டிப் பாக்கறீங்க? பாண்டிச்சேரி பீச்சுல வெள்ளக்காரங்க இப்டித்தான் தட்ட வுட்டுகினு இருந்தாங்க" என்றார் மாமா. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அந்த நாவல் மரம் ஒன்றாம் நம்பர் ஆனது. அங்கே நின்று அடுத்த மரத்தைக் குறிபார்க்க வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். மரத்தில் பட்டதும் அடுத்த மரம். இப்படி ஒன்பது மரம். யார் குறைவான எறியில் ஏரியைச் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். கடுக்காய், பலா, இலுப்பை வரைக்கும் கரையிலேயே போகும். ஐந்தாம் நம்பர் வேங்கை மட்டும் ரோட்டுக்கு அந்தப்புறம் இருந்தது. அதனால் நாலிலிருந்து ஐந்துக்கு ரோட்டின் குறுக்கே எறிய வேண்டும். ஐந்திலிருந்து ஆறாம் நம்பர் மருதத்துக்கு மறுபடி ரோட்டைத் தாண்டி ஏரியைப் பார்த்து எறிய வேண்டும். அந்த மருதம் தண்ணீரோரமாகச் சாய்ந்து நிற்கும். தப்பினால் தட்டு ஏரிக்குள்தான்.

அந்த நாட்களை நாள் நாளாக என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே நீளமான காலையாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. ஈர இலை, சாம்பல் வாசனை, பாவாடை விளிம்பில் ஒட்டிய புல்விதை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சத்தம் இருந்தது. பலாவில் பட்டால் அமுங்கிக் கேட்கும். வேங்கையில் பட்டால் கோவில் மணி அடித்து ஓய்ந்த மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும். பனி அடர்ந்த நாளில் சத்தத்தை வைத்தே சிநேகிதி எந்த மரம் என்று சொல்லிவிடுவாள். அவள் பக்கத்தில் நின்றாலே எனக்குக் காது கூர்மையான மாதிரி இருக்கும்.

மாமா ஒரு காரியம் செய்வார். தட்டு பட்ட மரத்துக்குப் போனதும் பட்ட இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தேய்ப்பார். ஏன் மாமா என்று கேட்டேன்.

"மரம் சாயும்போது மொதல்ல சத்தம் வர்றதில்ல பாப்பா. காத்துதான் வருது. மூஞ்சியில வந்து அடிக்குது. அதுக்கப்புறந்தான் சத்தம். எல்லாம் எங்க ஊருல நான் சின்ன வயசுலேருந்து பாத்த புளியமரம்."

"அப்புறம் ஏன் வெட்டுனீங்க?"

"வேற எதச் சொன்னாலும் யாரும் திரும்பிப் பாக்கலயே."

அவருக்கு அதில் வருத்தமும் இருந்தது, செய்தது சரி என்ற எண்ணமும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலை ஆட்டத்தில் நானோ சிநேகிதியோ ஜெயிப்பதும் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு ஆடும் ஆட்டத்தில் மட்டும் மாமாவை யாரும் அசைக்க முடியாது. ஆறாம் நம்பர் மருதத்தில் எங்கள் தட்டுகள் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போகும். அப்படியே மூன்று தட்டு ஏரிக்குள் போய்விட்டன. மற்றதையெல்லாம் முங்கித் தேடி எடுத்துவிட்டோம், அந்த மூன்று மட்டும் கிடைக்கவில்லை. மாமா எறிந்தால் மட்டும் தட்டு வேறெங்கோ போகிறமாதிரி போய், கடைசியில் மனசு மாறித் திரும்பி மருதத்தில் வந்து படும். எப்படி மாமா என்று காலைப் பிடித்துக் கேட்டிருக்கிறோம்.

"அது என் தட்டு ராசி" என்பார். மத்தியானம் அம்மா என்னைத் தூங்கச் சொல்லி உள்ளே அடைக்கும் நேரத்தில் அவர் தனியாக ஆடிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். மூன்றா, நாலா, இதற்கு அப்புறம் எந்த மரம் என்று எனக்கும் சிநேகிதிக்கும் தினமும் சண்டை. ஒருநாள் வாட்ச்மேன் கொட்டகையில் விடுதிக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு வாளியும் மட்டையும் கண்ணில் பட்டன. எடுத்துக்கொண்டு போய் ஒன்பது மரத்திலும் பெரிசு பெரிசாக நம்பர் போட்டேன். வாத்தியார் மகள் இல்லையா, அதோடு விடுவேனா? ஒவ்வொரு நம்பருக்கும் கீழே, அடுத்த மரம் எந்தப் பக்கம் என்று காட்ட ஓர் அம்பும் போட்டேன். நாலாம் நம்பர் மரத்தின் அம்பு ரோட்டைப் பார்த்தது. ஐந்தாம் நம்பர் வேங்கையின் அம்பும் ரோட்டைப் பார்த்தது. அவ்வளவு அழகாக வந்திருக்கிறதே என்று தள்ளி நின்று வேறு ரசித்தேன்.

மரம் வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டென்று எனக்குத் தெரியாது. வெட்டப்போகும் மரத்துக்கு முதலில் நம்பர் போடுவார்கள். எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு அம்பு போடுவார்கள்.

கீழே சாலையைச் சரிசெய்த மறுவாரம் காட்டிலாகா கார்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிப்பக்கம் வந்தார். கீழ்க்காட்டில் மரம் போனதற்கு ஏற்கெனவே மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ரோட்டோரத்து மரத்தில் நம்பர், ரோட்டின் குறுக்கே அம்பு. அவர் என்ன நினைப்பார்? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டார். அடுத்த நாள் பிற்பகல் ஜீப் வந்தது.

ஜீப் சத்தம் வளைவில் கேட்கும்போதே அம்மா மாமாவை விடுதியின் அரிசி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். அந்த அறைக்கு ரோட்டைப் பார்த்து மரச்சட்டம் போட்ட ஒரு ஜன்னல் உண்டு.

இறங்கியது ஒரு போலீஸ் அதிகாரியும் இரண்டு காவலர்களும். எல்லோரையும் வேங்கை மரத்தடிக்கு வரச்சொன்னார்கள். கார்டு அம்பைத் தொட்டுக் காட்டினார்.

"பாருங்கய்யா. இத சாச்சா ரோடு அடைபட்டுடும். எதிர்ல இருக்கற நாலாம் நம்பரும் அப்டித்தான். பஸ்ஸே வர முடியாது."

சுண்ணாம்பு வாளி எங்கே இருந்தது என்று தேடிப்போன காவலர் வாட்ச்மேன் கொட்டகையிலிருந்து அதைத் தூக்கிவந்தார். அவ்வளவுதான், வாட்ச்மேனின் கையைப் பிடித்துவிட்டார்கள்.

"யார் சொல்லி நம்பர் போட்ட? கீழ இருந்து யார் வந்து சொன்னது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளயடிச்ச சுண்ணாம்புங்க அது." என்றார் வாட்ச்மேன். சிநேகிதி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவுக்கு அது என் எழுத்து என்று தெரியும். நான் போடும் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும், அதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். எதுவும் சொல்லாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வாட்ச்மேனை ஜீப் பக்கம் இழுத்தார்கள்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

"நீ உள்ள போடி" என்றார் அப்பா.

"நான்தான் போட்டேன். நாங்க தட்டு எறிஞ்சு வெளயாடறோம். அதுக்கு நம்பரு."

காவலர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "தட்ட எறிஞ்சு மரத்துல அடிப்பீங்களா? இந்த மலையில இப்டி ஒரு வெளயாட்டா? சரி, ஆடிக் காட்டு. இங்கேருந்து எதை அடிக்கணும்?"

"அதோ, அந்த மருதம். ஆறாம் நம்பர்."

"அடி, பாக்கலாம். அடிச்சா இவர வுட்டுட்டுப் போறேன்."

சிநேகிதி ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. மனசுக்குள் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு மாமா சுண்டுகிற மாதிரியே சுண்டினேன். தட்டு நேராக, அழகாகத்தான் போனது. மருதத்துக்கு இரண்டு முழம் இருக்கும்போது யாரோ கீழிருந்து தூக்கிவிட்ட மாதிரி மேலே எழும்பி, மரத்தைத் தாண்டி, ஏரியின் நடுவில் போய் விழுந்தது. தண்ணீரில் கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்து முழுகியது.

"ஏத்துங்கய்யா" என்றார் அதிகாரி. வாட்ச்மேனின் ஒரு கால் ஜீப்பில் இருந்தது.

அப்போதுதான் அரிசி அறைக் கதவு திறந்தது. மாமா நடந்து வந்தார். ஓடவில்லை, ஒளியவில்லை. கையில் ஒரு தட்டு. வேங்கை மரத்தடிக்கு வந்து என்னைப் பக்கத்தில் ஒதுக்கி நிறுத்தினார். மருதத்தைப் பார்க்காமல், அதற்கு வெகு தூரம் இடது பக்கமாக, வெட்டவெளியைப் பார்த்து எறிந்தார்.

அந்தத் தட்டு போனதை நான் எத்தனையோ ராத்திரி கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன். ரோட்டைத் தாண்டியது. ஏரிக்கு மேலே போய் வெயிலில் மின்னியது. தொலைந்தது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் நின்று, யோசித்து, வளைந்து திரும்பி வந்தது. 'டங்.' ஆறு என்று நான் எழுதியிருந்த சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது.

ஒரு காவலர் தன்னை மறந்து "அடேயப்பா" என்றார். கார்டின் வாய் மூடவில்லை. அதிகாரியும் ஒரு நிமிஷம் அந்த மருதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாட்ச்மேனை விடச்சொல்லிக் கை காட்டினார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு மாமாவிடம் திரும்பினார். "நல்லாத்தான் எறியற. நீ யாருப்பா? எந்த ஊரு? கையக் காட்டு."

மாமா கையை விரித்தார். கொப்புளங்கள் ஆறிக் காய்த்துப் போயிருந்தன. கோடாலி பிடித்த கை எது என்று போலீசுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஜீப்பில் ஏறும் முன் அம்மாவைப் பார்த்து, "சோறு வெச்சிராத, நான் இங்க சாப்டல" என்றார். எங்கள் வீட்டில் தங்கவே இல்லை என்று போலீஸ் காதில் விழச் சொன்ன வார்த்தை அது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மருதத்தடியில் கிடந்த தட்டையும் சாட்சிக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக மொத்தம் ஐந்து தட்டு குறைந்ததற்கு அப்பா பள்ளிக்கு எழுதிக் கொடுத்த விளக்கத்தில், எலி என்று காரணம் எழுதினார். அலுமினியத்தைத் தின்ற எலி எங்கள் மலையில்தான் உண்டு.

மாமா பல மாதம் உள்ளே இருந்தார். வந்த பிறகும் வாய்தா வாய்தாவாக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார். அதற்குள் கேட்ட ஒதுக்கீடு வந்தது. அதில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. இத்தனை வருஷம் நான் தின்ற சோறு அது. கேஸ் இருந்த மாமாவுக்கு எந்த வேலையும் வரவில்லை. கேஸ் முடிந்தபோது வயது போய்விட்டது. வாட்ச்மேன் உயிரோடு இருந்தவரை வருஷா வருஷம் ஒரு மூட்டை சாமையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி மாமா வீட்டுக்கு வந்து போவார்.

எனக்குள் ஒன்று மட்டும் ஆறவே இல்லை. என் தட்டு அன்றைக்கு அந்த மரத்தில் பட்டிருந்தால் மாமா அந்த அறையைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் களமருதூருக்கு அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு போனேன். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. போனை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார். வலது மணிக்கட்டு தானாகவே அசைந்தது.

"பரவால்ல, மரத்த அடிக்கல, சங்கிலியத்தான் அடிக்கறாங்க" என்றார்.

நான் கேட்டுவிட்டேன். "மாமா, அன்னிக்கு என் தட்டு மட்டும் பட்டிருந்தா..."

"எப்டிம்மா படும்?" என்றார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்தியானத்துக்கு மேல அங்க காத்து மலையிலேருந்து ஏரிக்கு எறங்கும். தட்டத் தூக்கி அந்தாண்ட போட்டுடும். ரொம்ப தள்ளி எடப்பக்கமா வுடணும். தனியா ஆடி ஆடிக் கண்டுபுடிச்சு வெச்சிருந்தேன்."

"ஏன் மாமா எங்களுக்குச் சொல்லல?"

வீடியோ முடிந்து திரை கறுத்துப் போயிருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டா நீங்க ஜெயிச்சிடுவீங்களே பாப்பா" என்றார்.